ஞாயிற்றுக்கிழமைச் சட்டமும் மனச்சான்றின் உரிமையும்

தோற்றுவாய்

சென்ற ஆண்டு எம்மோடு விடுதியில் உறைந்த நண்பர் ஒருவர், சனிக்கிழமையன்று குறிக்கப்பட்ட தேர்வு ஒன்றினை எழுதாமல், வேதபுத்தகத்தைக் கையிற்கொண்டு தம் அறையிலேயே இருந்துவிட்டார். அவர் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சார்ந்தவர். வெள்ளிக்கிழமை கதிரவன் மறைந்தது முதல் சனிக்கிழமை கதிரவன் மறையுங்காறும் அவர் பாடநூலைத் தொடமாட்டார், கடைத்தெருவிற்கும் செல்லமாட்டார். “மூன்று மணி நேரந்தானே! எழுதிவிட்டு வந்து ஜெபம் செய்தல் ஆகாதோ?” என்று யாம் அவரை நகையாடினோம். அவர் சினந்திலர். “ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை வேளையில் தேர்வு வைத்தால் நீர் எழுதுவீரோ?” என்று மட்டும் வினவினார். யாம் விடை கூறாது வெளிப்போந்தோம். விடை தெரியாமை அதற்குக் காரணமன்று. அவ்வினா அதுகாறும் எம்மை நோக்கி எழுந்ததே இல்லை என்பதுதான் காரணம். கல்லூரி நாட்காட்டி எப்பொழுதும் எம் பக்கத்திலேயே நின்றது.

அன்று வாய்வாளாது நின்ற கடனை ஒருவாறு தீர்க்கும் பொருட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அந்நண்பரின் சபையார் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டங்களை எதிர்த்துப் போராடிய வரலாறு நம் மாணவருட் பலர் அறியாதது. அறியின், ஞாயிற்றுக்கிழமையைக் கர்த்தருடைய நாளாகக் கொண்டாடும் நமக்கும் அதன்கண் ஒரு பாடம் உண்டு என்பது புலப்படும்.

ஞாயிற்றுச் சட்டத்தின் பழமை

ஞாயிற்றுக்கிழமைச் சட்டமாவது, அந்நாளில் மக்கள் தொழில் செய்தலையும், வாணிகம் நடத்துதலையும், சிலவிடங்களில் ஆடிப்பாடிக் களித்தலையுங்கூட அரசின் ஆணையால் விலக்கி, மீறினோரை ஒறுக்குஞ் சட்டமாம். இதனை விடுமுறையோடு ஒன்றெனக் கொள்ளற்க. விடுமுறை நாளில் அலுவலகம் மூடப்படும். ஆயின் தன் நிலத்தை உழுபவனைக் காவலர் பற்றிச் செல்லார். ஞாயிற்றுச் சட்டமோ அவ்வுழவனையும் விடாது.

இச்சட்டங்களுட் பழமை வாய்ந்தது உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் 321-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ஆம் நாள் பிறப்பித்த ஆணையாகும். நீதிபதிகளும், நகரமாந்தரும், கைத்தொழிலாளரும் ஞாயிற்றுக்கிழமையில் ஓய்ந்திருத்தல் வேண்டும் என்றும், உழவர் மட்டும் பருவம் தவறாமைப்பொருட்டுத் தொழில் செய்யலாம் என்றும் அவ்வாணை கூறிற்று. அதன்கண் கிறிஸ்துவின் பெயர் இல்லை. கதிரவனுக்குரிய நாள் என்றே அந்நாள் குறிக்கப்பட்டது. பின்வந்த நூற்றாண்டுகளில் சபையும் அரசும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தமையால், ஞாயிற்று ஓய்வு ஐரோப்பா எங்கணும் சட்டத்தின் வலிமை பெற்றது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் மன்னன் காலத்தில் 1677-இல் இயற்றப்பட்ட சட்டமும் இவ்வகையதே.

இங்கிலாந்தினின்று கடல் கடந்து குடியேறியோர் இவ்வழக்கத்தையும் உடன்கொண்டு சென்றனர். வர்ஜீனியாக் குடியேற்றத்தில் 1610-இல் தோன்றிய சட்டம், ஓய்வுநாளில் கோயிலுக்கு வாராதவனுக்கு முதன்முறை உணவுப்படியைக் குறைத்தும், மூன்றாம் முறை மரணதண்டனையும் விதித்தது. அன்பே உருவான ஆண்டவரை வழிபடுதற்குத் தூக்குமரத்தைத் துணைக்கழைத்த வியப்பினை என்னென்பது!

இதற்கு எதிர்க்குரலும் அம்மண்ணிலேயே எழுந்தது. மாசச்சூசெட்சினின்று துரத்தப்பெற்ற ரோஜர் வில்லியம்ஸ் என்னும் போதகர் 1636-இல் பிராவிடன்சு என்னும் ஊரை நிறுவினார். மோசேயின் இரண்டு பலகைகளுள், மனிதன் தேவனுக்குச் செய்யும் கடமைகளைக் கூறும் முதற்பலகையில் அரசன் கைவைத்தல் ஆகாது என்பது அவர் கொள்கை. 1786-இல் வர்ஜீனியாவில் ஜெபர்சன் வரைந்த மதவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1791-இல் ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் சேர்ந்த முதலாம் திருத்தம், மதம் ஒன்றனை நிறுவுதற்கோ, மத ஒழுக்கத்தைத் தடுத்தற்கோ காங்கிரஸ் சட்டம் செய்தலாகாது என வரையறுத்தது. ஆயின் அத்திருத்தம் அந்நாளில் நடுவண் அரசை மட்டுமே பிணித்தது. தனித்தனி மாகாணங்களைப் பிணிக்கவில்லை. ஆகலின் மாகாணங்களின் பழைய ஞாயிற்றுச் சட்டங்கள் புற்றிலுறங்கும் அரவம்போற் கிடந்தன.

ஞாயிற்று அஞ்சல் பற்றிய வழக்காடலும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1810-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அஞ்சல் வந்துசேரும் ஒவ்வொரு நாளும், ஞாயிறு உட்பட, அஞ்சல்நிலையங்கள் திறக்கப்பட்டன. இதனை நிறுத்துமாறு பல சபைகள் முறையிட்டன. 1829-இல் செனட்டுச் சபையின் குழுவிற்காக அறிக்கை எழுதிய ரிச்சர்டு ஜான்சன், எந்நாள் தேவனுடைய நாள் என்று தீர்ப்பளித்தல் சட்டமன்றத்தின் தொழிலன்று என மறுத்துரைத்தார். அவ்வறிக்கை பின்னாளில் அட்வென்டிஸ்ட் சபையார்க்குப் படைக்கலமாகப் பயன்பட்டது.

அட்வென்டிஸ்ட் சபையார் யாவர்?

‘அட்வென்ட்’ என்பது வருகை எனப் பொருள்படும். ஆண்டவரின் இரண்டாம் வருகையை அணித்தென எதிர்நோக்கி நிற்றலின் அச்சபையார் இப்பெயர் பெற்றனர். வில்லியம் மில்லர் என்னும் உழவர் தானியேலின் தீர்க்கதரிசனத்தைக் கணக்கிட்டுப் போதிக்க, அவ்வழி நின்றோர் 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாளில் ஆண்டவர் வருவார் எனக் காத்திருந்து ஏமாற்றமுற்றனர். சிதறிய அக்கூட்டத்தாருட் சிலர், ஏழாம் நாட் பாப்டிஸ்டு சபையைச் சார்ந்த ரேச்சல் ஓக்ஸ் என்னும் அம்மையார் வாயிலாகச் சனிக்கிழமை ஓய்வுநாட் கொள்கையை ஏற்றனர். கப்பற்றலைவராய் இருந்த ஜோசப் பேட்சு, ஜேம்ஸ் ஒயிட், அவர் மனைவியார் எல்லன் ஒயிட் ஆகியோர் இவர்களைத் திரட்டினர். 1863-இல் மிச்சிகன் மாகாணத்துப் பேட்டில் கிரீக்கில் சபை முறைப்படி அமைந்தபொழுது உறுப்பினர் ஏறத்தாழ 3,500 பேரே. இன்று அச்சபையார் உலகெங்கும் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர்.

இவர்கள் ஞாயிற்றுச் சட்டத்தை அஞ்சியதற்கு மறைநூற் காரணமும் ஒன்று உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தின் 13-ஆம் அதிகாரத்தில், ஆட்டுக்குட்டியின் கொம்புபோன்ற கொம்புகளுடன் பூமியிலிருந்து எழும்பி, வலுசர்ப்பம்போற் பேசும் மிருகம் ஒன்று கூறப்படுகின்றது. அது ஐக்கிய நாடுகளையே குறிக்கும் என்றும், மென்மையாகத் தோன்றிய அக்குடியரசு ஒருநாள் ஞாயிற்று ஆராதனையைச் சட்டத்தாற் கட்டாயப்படுத்தும் என்றும், அதுவே மிருகத்தின் முத்திரையாகும் என்றும் அவர்கள் நம்பினர். இவ்வுரை நம் சபைகளிற் பெரும்பாலோர் ஏற்பதன்று, யாமும் ஏற்றிலேம். ஆயினும் மன்னர்களும் மாமன்றங்களும் காணத்தவறிய ஓர் இடரை, இச்சிறு கூட்டத்தார் விழிப்புடன் கண்டு உரைத்தற்கு அந்நம்பிக்கையே தூண்டுகோலாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

1888-ஆம் ஆண்டின் மசோதா

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தொழிற்சாலைகள் பெருகின. புகைவண்டிகள் ஏழு நாளும் ஓடின. சாராயக்கடைகள் ஞாயிறன்றும் திறந்துகிடந்தன. இவற்றைக் கண்டு வருந்திய நல்லோர் பலர், நாட்டைக் கிறிஸ்தவ நாடெனச் சட்டத்தால் அறிவித்தலே மருந்து எனக் கருதினர். அவ்வாறு அரசியலமைப்பைத் திருத்த வேண்டி 1860-களிலேயே தேசியச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியிருந்தது. மதுவிலக்கிற்குழைத்த மாதர் சங்கமும் பின்னர் ஞாயிற்றுச் சட்டத்திற்கு ஆதரவு நல்கிற்று.

இந்நிலையில், 1888-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள், நியூ ஹாம்சயர் மாகாணத்துச் செனட்டர் ஹென்றி பிளேர் என்பார் நாடு முழுவதற்குமான ஞாயிற்று ஓய்வு மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அம்மசோதாவின் தலைப்பே, வாரத்தின் முதல் நாளை ஓய்வுநாளாகப் பாதுகாத்தலோடு, அதனை மத ஆராதனைக்குரிய நாளாக அனுசரிப்பதை வளர்த்தலும் நோக்கம் என வெளிப்படையாகக் கூறிற்று. தொழிலாளர் நலன் ஒன்றே நோக்கமாயின் ஆராதனை என்னுஞ் சொல் ஆண்டு நுழைவானேன்? இவ்வினாவைத்தான் அட்வென்டிஸ்ட் சபையார் விடாது வினவினர்.

மசோதாவை ஆதரித்துக் காங்கிரசுக்கு விடுக்கப்பட்ட விண்ணப்பங்களில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பேர் கையொப்பமிட்டனர் எனப் பறைசாற்றப்பட்டது. அத்தொகையின் இரகசியம் கேட்டற்கு இனிது. பால்ட்டிமோர் நகரத்துக் கத்தோலிக்கக் கர்தினால் கிப்பன்ஸ் ஆதரவுதெரிவித்து ஒரு கடிதம் எழுதினார். ஒருவர் எழுதிய அக்கடிதம், அந்நாட்டுக் கத்தோலிக்கர் அனைவருடைய கையொப்பமாகவும் கருதப்பட்டு, 72,00,000 பேர் என எண்ணப்பட்டது! பிற சங்கங்களும் இவ்வாறே முழு உறுப்பினர் தொகையாற் கணக்கிடப்பட்டன. தாம் பிறர் எவரையும் அக்கடிதத்தாற் பிணிக்கக் கருதவில்லை எனக் கர்தினாலே பின்னர்த் தெரிவித்தார்.

1888-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் செனட்டுக் குழுவின்முன் மசோதா ஆராயப்பட்டது. ஆதரித்தோர் பலர் பேசினர். எதிர்த்தோருள் முதன்மையாக நின்றவர் அலோன்சோ ஜோன்ஸ் என்னும் அட்வென்டிஸ்ட் போதகர். இளமையிற் படைவீரராய் இருந்து, தாமே முயன்று வரலாறு கற்று, ‘அமெரிக்கன் சென்டினல்’ என்னும் மதவுரிமைப் பத்திரிகையின் ஆசிரியருள் ஒருவராக விளங்கியவர். குழுத்தலைவராகிய பிளேர் இடையிடையே வினாக்கள் தொடுக்க, ஜோன்ஸ் நெடுநேரம் விடையிறுத்தார்.

அவற்றுள் ஒன்று என்றும் நினைவிற்குரியது. சனிக்கிழமை அனுசரிப்போர்க்கு விதிவிலக்கு அளித்துவிட்டால் உமது தடை நீங்குமோ என்பது பிளேரின் வினா. தம் மக்களுக்குச் சிறைபுகாத வழி கிட்டியது என்று மகிழ்ந்து இசைவதே உலகியல். ஜோன்ஸ் இசைந்திலர். விதிவிலக்கு என்பது சலுகை. சலுகை கொடுத்தவன் மறுநாள் அதனை வாங்கிக்கொள்ளவும் வல்லன். எம் உரிமையை நீர் கொடுக்கவும் இல்லை. ஆதலின் விலக்களிக்கும் அதிகாரமும் உமக்கில்லை. மேலும், எந்நாளையும் அனுசரியாதவனுடைய உரிமையையும் எம்முரிமையைப் போன்றே யாம் காக்கக் கடமைப்பட்டுள்ளேம். இதுவே அவர் கூற்றின் சாரம்.

இது வெறும் வாதத்திறமை அன்று. கண்ட துன்பத்தாற் பெற்ற அறிவு. ஆர்க்கன்சா மாகாணத்தில் சனிக்கிழமைக்காரர்க்கு விதிவிலக்கு இருந்தது. 1885-இல் அது நீக்கப்பட்டது. ஞாயிறன்று திறந்திருந்த சாராயக்கடைகளை மூடுவதே அந்நீக்கத்தின் நோக்கமாகக் கூறப்பட்டது. சிக்கியவரோ பெரும்பாலும் ஏர் பிடித்த அட்வென்டிஸ்ட் ஏழைகள்! 1887-இல் செனட்டர் இராபர்ட் கிராக்கெட் முதலியோர் இரங்கி வாதிட்ட பின்னரே விலக்கு மீண்டது. கொடுத்ததும் சட்டமன்றமே, பறித்ததும் சட்டமன்றமே, மீட்டும் கொடுத்ததும் சட்டமன்றமே. இதனை உரிமை எனல் எங்ஙனம் பொருந்தும்?

பிளேரின் மசோதா நிறைவேறாமலே மறைந்தது. 1889-இல் சொற்களை மாற்றி அவர் மீண்டும் கொணர்ந்ததும் பயன்படவில்லை.

ஏர் பிடித்த குற்றம்

நாட்டுச் சட்டம் தோற்றது. மாகாணச் சட்டங்கள் தோற்கவில்லை. டென்னசி மாகாணத்தின் ஓபியன் வட்டத்தில் இராபர்ட் கிங் என்னும் உழவர் வாழ்ந்தார். சனிக்கிழமை முழுவதும் ஓய்ந்திருந்து, ஞாயிறன்று தம் வயலில் ஏர் ஓட்டினார். 1889-இல் அதற்காகச் சிறு அபராதம் செலுத்தினார். அவ்வளவில் அமையாது, அக்குற்றமே பொதுமக்களுக்குத் தொல்லை எனப் பெயர் மாற்றப்பட்டு மீண்டும் வழக்காயிற்று. 1890-இல் 75 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சிறிய உழவன் ஒருவனுக்கு அது பெருந்தொகை. பேட்டில் கிரீக்கில் 1889-இல் நிறுவப்பட்ட தேசிய மதவுரிமைச் சங்கம் அவர் வழக்கை எடுத்து நடத்திற்று; முன்னாள் அஞ்சற்றுறை அமைச்சர் டான் டிக்கின்சன் வழக்கறிஞராய் நின்றார். மாகாண உச்சநீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. 1891-இல் நடுவண் நீதிபதி ஹாமண்டு, மாகாணம் தன் சட்டப்படி விதித்த தண்டனையில் தாம் தலையிட இயலாது எனத் தீர்த்தார். வழக்கு ஐக்கிய நாடுகளின் உச்சநீதிமன்றத்தை அடையுமுன்னரே, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் கிங் இறந்தார். அவர் எழுப்பிய வினா விடை பெறாமலே நின்றது.

கிங் ஒருவரே துன்புற்றார் என்று எண்ணற்க. 1892-இல் அதே மாகாணத்தின் பாரிஸ் என்னும் ஊரில் அட்வென்டிஸ்ட் உழவர் சிலர், ஏனைக் குற்றவாளிகளோடு தெருப்பணிக்கு அணிவகுத்துச் செலுத்தப்பட்டனர். 1895-இல் கிரேஸ்வில் என்னும் ஊரிலிருந்த அவர்தம் கல்விக்கூடத்தின் தலைவரும் ஆசிரியர் சிலரும் சிறைப்படவே, பள்ளியை மூடநேர்ந்தது. ஞாயிறன்று தொழில்செய்ததே அவர்கள் குற்றம்.

இதன் பொருளியற் கொடுமையையும் நோக்குக. சனிக்கிழமையை மனச்சான்றின்பொருட்டும், ஞாயிற்றுக்கிழமையைச் சட்டத்தின்பொருட்டும் இழப்பவனுக்கு வாரத்தில் ஐந்து நாளே எஞ்சும். ஏனையோர் ஆறு நாள் உழைத்த அக்காலத்தில், ஆண்டொன்றிற்கு 52 நாட் கூலியை அவன் தன் கொள்கைக்கு வரியாகச் செலுத்தினான்.

ஆயினும், சிறைபுகுதலே சிறப்பென்று அச்சபையார் அனைவரும் கருதவில்லை. ஞாயிறன்று வேண்டுமென்றே ஏர் பூட்டி அயலாரின் சினத்தைக் கிளறுதல் தகாது என்றும், அந்நாளை நற்செய்திப் பணியிலும் நோயாளரைக் காண்பதிலும் செலவிடலாம் என்றும் எல்லன் ஒயிட் அம்மையார் அறிவுறுத்தினார். 1909-இல் வெளிவந்த அவர் நூலில் அவ்வறிவுரை அச்சாயிற்று. சனிக்கிழமையை விட்டுக்கொடுத்தல் ஆகாது. ஞாயிற்றுக்கிழமையைப் போர்க்களமாக்குதலும் வேண்டா. இந்நடுநிலை எமக்கு மிக்க வியப்பளிப்பது. சட்டத்தை எழுத்தாலும் நாவாலும் எதிர்க்க. அயலானை எதிர்க்கற்க என்பதன்றோ அதன் கருத்து?

தடைகளும் விடைகளும்

இனி, ஞாயிற்றுச் சட்டத்தை ஆதரித்தோர் கூற்றுக்களையும் நடுவுநிலையோடு ஆராய்தல் வேண்டும். அவர்கள் கொடியவர் அல்லர்.

“ஏழு நாளும் உழைக்கும் தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டாவோ?” என்பது முதற்கூற்று. வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் ஓய்வு தருதல் வேறு. யாவரும் ஒரே நாளில் ஓய்தல் வேண்டும் என்று ஒறுத்தல் வேறு. வாரத்தில் ஒருநாள் ஓய்வளிக்குமாறு முதலாளியைப் பணிக்கும் சட்டம் தொழிலாளியைக் காக்கும். சொந்த நிலத்தில் தனியே உழுதவனைச் சிறையிலிடுஞ் சட்டம் எத்தொழிலாளியைக் காத்தது?

“பெரும்பான்மையோர் விருப்பமே சட்டமாதல் குடியரசின் நெறியன்றோ?” என்பது இரண்டாவது. வரி எத்துணை, பாலம் எவ்விடத்து என்பனவற்றில் பெரும்பான்மை ஆளட்டும். தேவனை எந்நாளில் வழிபடுவது என்பதில் பெரும்பான்மை ஆளுமாயின், நாம் சிறுபான்மையாய் வாழும் இந்நாட்டில் நம் நிலை யாதாகும்? இதனைக் கிறிஸ்தவ மாணவராகிய நாம் பிறரினும் தெளிவாக உணர்தல் கூடும்.

மூன்றாவது கூற்றே கூரியது. “அட்வென்டிஸ்ட் சபையார் மதுவிலக்குச் சட்டத்தை ஆதரித்தனர். ஒழுக்கத்திற்குச் சட்டம் வேண்டுமென்பார், ஓய்வுநாளுக்குச் சட்டம் வேண்டா என்றல் முரணன்றோ?” என்பர். எல்லன் ஒயிட் மதுவிலக்குக்காகப் பெருங்கூட்டங்களிற் பேசியவர் என்பது உண்மையே. ஆயின் முரண் இல்லை. குடியன் தன் மனைவி மக்களை அடிக்கின்றான்; அவர்தம் சோற்றைப் பறிக்கின்றான்; அயலான் அமைதியைக் குலைக்கின்றான். ஈது இரண்டாம் பலகையின்பாற்பட்டது. மனிதன் மனிதனுக்கு இழைக்கும் தீங்கு. ஞாயிறன்று உழுதவன் எவர்க்கும் தீங்கிழைத்திலன். அவன் பிழைத்தான் எனக் கொள்ளினும், தேவனுக்கே பிழைத்தான். தேவன்பாற் செய்த பிழையைத் தேவனே விசாரிப்பார். இராயனுக்குரியது எது, தேவனுக்குரியது எது என்று நம் ஆண்டவர் பகுத்துக் காட்டிய எல்லை இதுவே. எல்லையை வரையறுத்தல் எல்லா வழக்கிலும் எளிதன்று. எல்லையே இல்லை என்றலோ கேட்டிற்கு வழி.

நீதிமன்றங்களின் போக்கு

இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு நீதிமன்றங்களிற் பல வடிவம் எடுத்தது. 1961-இல் மேரிலாண்டு மாகாணத்து வழக்கொன்றில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன், ஞாயிற்றுச் சட்டங்கள் தோற்றத்தில் மதச்சார்பு உடையனவேனும், இப்பொழுது பொது ஓய்வுநாள் ஒன்றைத் தருவனவாதலின் செல்லும் எனத் தீர்த்தார். அதே நாளில், சனிக்கிழமையிற் கடையடைத்த யூத வணிகர் ஞாயிறன்று கடைதிறக்க உரிமை வேண்டித் தொடுத்த வழக்கும் தோற்றது.

இரண்டாண்டு கழிந்து காற்றுத் திரும்பிற்று. தென் கரோலினா மாகாணத்தின் ஸ்பார்டன்பர்க்கில் நெசவாலைத் தொழிலாளியாகிய அடல் ஷெர்பர்ட் என்னும் அட்வென்டிஸ்ட் அம்மையார், சனிக்கிழமை வேலைக்கு வர மறுத்தமையால் நீக்கப்பட்டார். வேறு ஆலைகளிலும் சனிக்கிழமை வேலை இன்றி இடம் கிடைக்கவில்லை. வேலையில்லாதார்க்கு மாகாணம் நல்கும் உதவித்தொகையும் அவருக்கு மறுக்கப்பட்டது. அம்மாகாணமோ, ஞாயிறன்று வேலை செய்ய மறுப்பவரைக் காத்தற்குத் தனி விதி வைத்திருந்தது! 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17-ஆம் நாள் நீதிபதி பிரென்னன் எழுதிய தீர்ப்பால் அவ்வம்மையார் வென்றார். மதமா, உணவா என ஒருவரை நெருக்குதல், வழிபாட்டுக்கு அபராதம் விதித்தல் போன்றதே என்பது அத்தீர்ப்பின் கருத்து. கிங் உழவர் எழுப்பி விடைபெறாது நின்ற வினாவிற்கு, 72 ஆண்டுகட்குப்பின் ஓர் ஆலைத்தொழிலாளி ஒருபகுதி விடைபெற்றார் எனலாம். அடுத்த நாடாகிய கனடாவிலும் 1906-ஆம் ஆண்டின் கர்த்தருடைய நாட் சட்டம் 1985-இல் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது.

இவ்வரலாற்றின் இறுதிக் காட்சி எல்லாவற்றினும் சுவையுடையது. 1977-இல், சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட வேறொரு சபையைச் சார்ந்த விமானக் கம்பெனித் தொழிலாளர் ஒருவர் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். முதலாளிக்குச் சிறிதளவு செலவு நேரினும் தொழிலாளியின் ஓய்வுநாளுக்கு இடந்தர வேண்டுவதில்லை என அத்தீர்ப்புப் பொருள் கொள்ளப்பட்டது. சனிக்கிழமைக்காரர்தாமே தோற்றனர் என்று ஞாயிற்றுக்கிழமைக்காரர் பலர் கவலைகொண்டிலர். ஆண்டுகள் உருண்டன. வாணிகம் ஞாயிற்றையும் விழுங்கிற்று. அமெரிக்க அஞ்சல்துறை ஞாயிறன்றும் பொதிகளை வீடுதோறும் கொடுக்கத் தொடங்கிற்று. பென்சில்வேனியாவில் க்ரோஃப் என்னும் அஞ்சற்காரர், கர்த்தருடைய நாளில் வேலைசெய்தல் தம் விசுவாசத்திற்கு மாறு என மறுத்தார், வேலையையும் விட்டார். அவருக்கு எதிராக எடுத்துக் காட்டப்பட்டது அந்த 1977-ஆம் ஆண்டுத் தீர்ப்பே! 2023-இல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அப்பழைய பொருளைத் திருத்தி, முதலாளி தம் தொழிலுக்குக் கணிசமான சுமை நேரும் எனக் காட்டினாலன்றி இடந்தர மறுத்தல் ஆகாது என்றது. ஞாயிற்றை அனுசரித்த அவ்வஞ்சற்காரருக்குத் துணைநின்றோருள் சனிக்கிழமையை அனுசரிக்கும் அட்வென்டிஸ்ட் சபையாரும் இருந்தனர்.

நம் நாட்டுத் தொடர்பு

இச்செய்தி தமிழ்நாட்டிற்கு முற்றும் புறம்பானதன்று. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை எனப்பட்ட அருமைநாயகம் என்பார் ஐரோப்பியப் போதகர் ஆட்சியினின்று பிரிந்து 1857-இல் நிறுவிய இந்து கிறிஸ்தவ சபை, சனிக்கிழமையையே ஓய்வுநாளாகக் கைக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் என்னும் அட்வென்டிஸ்ட் ஊழியர் அவ்வூரிற் பணிசெய்தார். ஆகவே எம் நண்பர் கைக்கொள்ளும் வழக்கம் நேற்று வந்த புதுமையன்று. பனங்காட்டு மண்ணில் நூறாண்டிற்கு மேலாக வேரூன்றியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாது? ஞாயிற்றுக்கிழமையைச் சட்டத்தாற் காக்கப் புகுந்தோர் அதனைக் காத்திலர். ஒரு நாளைத் தேவனுக்கென ஒப்படைக்க விரும்பும் எளியவனுடைய மனச்சான்று, அவன் எந்நாளைக் கொண்டவனாயினும், காக்கப்பட்ட இடத்தில் ஞாயிறும் தானே காக்கப்பட்டது. அயலான் உரிமையாகிய வேலியைப் பிடுங்கினால் ஆடு மேய்வது அவன் பயிரோடு நில்லாது.

ஞாயிறு எமக்கு உயிர்த்தெழுதலின் நாள். அந்நாட்காலையில் கோயில்மணி ஒலிக்கக் கேட்பது எமக்குள்ள பேரின்பங்களுள் ஒன்று. அம்மணிக்குப் பின்னே காவலர் தடி நிற்குமாயின் அவ்வின்பம் கெடும். வருவோர் விரும்பி வருதலாலன்றோ அது கர்த்தருடைய நாளாகின்றது?

எம் நண்பர் அத்தேர்வை அடுத்த பருவத்தில் வேறொரு கிழமையில் எழுதித் தேறினார். ஆறு திங்களை இழந்தார். அவர் வினவியதற்கு விடையை யாம் இப்பொழுது கூறுகின்றோம். ஞாயிறன்று ஆராதனை வேளையில் தேர்வு வைக்கப்படின், எழுதாதிருக்கும் துணிவு எமக்கு உண்டாகுமோ என்று அறியேம். ஆயின் அத்துணிவு உடைய ஒருவரை இனி நகையாடோம். தேர்வுநாட்களைக் குறிக்குமுன், அத்தகையார் ஓரிருவர் உளரோ என வினவுதல் கல்வி நடத்துவோர்க்கு அரிய செயலன்று. வினவுமாறு அவர்களை வேண்டுதல், நாட்காட்டி எவர் பக்கம் நிற்கின்றதோ அவருடைய கடமையாகும்.